தென்னம்பாளைச் சிட்டும் அரசச் சிட்டும்

செபராங் ஜெயாவில் வாசற் செம்பருத்தியிலே தேனருந்தும் சிறு குருவியைக் கண்டு, 'ஹம்மிங் பறவை' என்று வியப்போர் உண்டு. அது பிழை. ரீங்காரச் சிட்டு எனத்தக்க அவ்வினம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. உழவாரக் குருவிக்கு உறவுடையது. பினாங்கிலும் தமிழகத்திலும் காணப்படுவது தேன்சிட்டு. ரீங்காரச் சிட்டு அந்தரத்தில் நின்று உண்ணும், பின்னோக்கியும் பறக்கும். தேன்சிட்டோ பெரும்பாலும் கிளையைப் பற்றிக்கொண்டே அலகை நீட்டும். இரண்டும் பூந்தேனை நாடியதால் அலகும் நாவும் ஒத்தன, குலம் ஒன்றன்று.

பினாங்கு வட்டாரத்துத் தேன்சிட்டுகளுள் இரண்டு, வாழிடத்தாலும் பெயர் வரலாற்றாலும் ஒப்பிடத் தக்கவை. ஒன்று கடலோரத் தென்னந்தோப்பு, கண்டல்காடு, வீட்டுத் தோட்டம் இவற்றில் திரிவது. ஆணுக்குத் தொண்டை பழுப்பு, வயிறு மஞ்சள். மலாய் மக்கள் இதனைத் தென்னம்பாளையோடு சேர்த்து, 'கெலிச்சாப் மாயாங் கெலாப்பா' என்பர். மற்றொன்று காட்டையும் காட்டோரத்தையும் விரும்புவது, தோட்டங்களுக்கும் வருவதுண்டு. ஆணின் தலையும் மார்பும் குங்குமச் சிவப்பு. இதன் பெயர் 'செப்பா ராஜா'. மலாய் மொழியில் 'செப்பா' என்பது மென்ற வெற்றிலைச் சக்கை. அரசர் வாயிற் சிவந்த தாம்பூலத்தை இப்பறவையின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பெயரின் அழகு தமிழர்க்கு எளிதில் விளங்கும்.

கடலோரச் சிட்டே ஐரோப்பியர் ஏட்டில் முதலில் ஏறியது. புதுச்சேரியிலும் தங்கியிருந்த பிரெஞ்சுப் பயணி சொன்னரா, 1782-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இதனை மலாக்காவின் மரமேறிக் குருவி என வருணித்தார். அதனைக் கொண்டு 1786-இல் ஸ்கோபோலி, 'மலாசென்சிஸ்' என இலத்தீனில் பெயரிட்டார். பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி நாட்டியதும் அவ்வாண்டே. கப்பல் தங்கும் துறைமுகத்தின் பெயரைப் பறவைக்குச் சூட்டியதில் வியப்பில்லை. தென்னையை அறிந்தவர் சூட்டிய பெயர் அங்கே இடம்பெறவில்லை.

செஞ்சிட்டின் கதை வேறு. 1805-இல் பினாங்குக்கு உதவிச் செயலாளராக வந்து, மலாய் மொழியில் தேர்ந்த ராபிள்ஸ், பின்னர் சுமத்திராவின் பெங்கூலனில் ஆட்சித் தலைவராக இருந்தபோது விலங்கு, பறவைகளைத் திரட்டினார். 1822-இல் லண்டன் லின்னேயர் கழகத்தின் ஏட்டில் இப்பறவையை 'சிப்பராஜா' என்றே பதித்தார். மொழி கற்ற அதிகாரியின் காதில் விழுந்த நாட்டுச் சொல், அறிவியற் பெயராகவே நிலைத்துவிட்டது. இவ்வகையில் காட்டோரச் சிட்டே பேறு பெற்றது எனல் வேண்டும்.

அந்தப் பேறும் நூலிழையில் தப்பியதே. 1824 பிப்ரவரி 2-ஆம் நாள் ராபிள்ஸ் தாயகம் திரும்பிய 'பேம்' என்னும் கப்பல், பெங்கூலனை விட்டகன்ற அன்றிரவே தீப்பற்றியது. உயிர்கள் பிழைத்தன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இயற்கை ஓவியங்களும், கையெழுத்துச் சுவடிகளும், பிற திரட்டுகளும் சாம்பலாயின. செஞ்சிட்டின் பெயரோ அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே லண்டனில் அச்சேறியிருந்தது.