ஓம்புதல் என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘கேர்’ என்று ஒரு சிறு சொல் உண்டு. கடிதத்தின் மேலுறையிலும், மருத்துவமனைப் பெயர்ப்பலகையிலும், விடைபெறும் வேளையிலும் அது வழங்கும். அதற்குத் தமிழ் கூறுக என்றால், ஒரு மாணவன் ‘கவலை’ என்பான். மற்றொருவன் ‘கவனம்’ என்பான். மூன்றாமவன் ‘பராமரிப்பு’ என்பான். மூவர் விடையும் பொருந்தும். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கியதைத் தமிழ் பல சொற்களில் வகுத்து வைத்திருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குத் துயரம் என்பதே பொருள். துயரத்திலிருந்து கவலையும், கவலையிலிருந்து கருத்தும், கருத்திலிருந்து காக்கும் செயலும் காலப்போக்கில் கிளைத்தன. ஓசையில் இதனை ஒத்த ‘கூரா’ என்னும் இலத்தீன் சொல் வேறு வேரினது. நோய் தீர்த்தலைக் குறிக்கும் ‘கியூர்’ அதன் வழி வந்தது. ‘செக்யூர்’ என்பதும் அவ்வழியினதே. அதன் முதற்பொருள் கவலையற்ற நிலை என்பதாம்.

தமிழிலோ, ‘கவலை’ என்னும் சொல் சங்க நூல்களில் கிளைத்துப் பிரியும் வழியையும் குறிக்கும். எவ்வழிச் செல்வது என்று மயங்கி நிற்கும் உள்ளத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் ஏது? காக்கும் செயலுக்கோ ஓம்புதல், பேணுதல், புறந்தருதல் எனத் தனிச்சொற்கள் உள. விருந்தினரை ஏற்றுப் போற்றுதலை விருந்தோம்பல் என்றார் வள்ளுவர். தலைவியைத் தலைவனிடம் ஒப்புவித்துக் காக்கச் சொல்லுதலை அகப்பொருள் இலக்கணத்தார் ஓம்படை என்றனர். இவையனைத்தும் கை செய்யும் வினைகள்.

இதற்குச் சான்று எங்கள் மரக்காணத்து உப்புக் கரைக்கும் உறவுடையது. உப்பு வணிகரான உமணர், பள்ளமும் மேடும் நிறைந்த வழியில் பாரவண்டி செலுத்துமுன், அதன் அடியில் மாற்றச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டனர். ‘சேம அச்சு’ எனப்படும் அதனைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக எடுத்தாளுகிறார். அச்சு முறியுமோ என்று ஏங்குவது கவலை. மற்றோர் அச்சைக் கட்டி வைப்பது ஓம்புதல்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையை அடுத்துள்ள பெருமுக்கல் மலைமேல் ஒரு சிவன்கோயில் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் அங்கே உள. அக்காலத்தார் கோயில் விளக்கு அணையாதிருக்கச் செய்த ஏற்பாடு வியக்கத்தக்கது. ஒரு விளக்கிற்கு 90 அல்லது 96 ஆடுகளை விட்டு, நாள்தோறும் நெய் அளக்கும் பொறுப்பை இடையரிடம் ஒப்புவித்தனர். மூத்தவை கழியினும் குட்டிகளால் மந்தை குறையாது என்பதால், அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். இவ்வறத்தைக் காப்பவர் திருவடி எம் தலைமேலது என்று கல்லில் பொறிப்பதும் அக்கால வழக்கம். அறம் செய்தவர், பின்வந்து அதனை ஓம்புபவரின் அடியைத் தம் தலையில் தாங்கினர். தொடங்கியவரினும் தொடர்ந்து பேணுபவர் பெரியவர் என்பது இதனால் விளங்கும்.

இச்சொல்லின் பொருளை நான் காலந்தாழ்த்தியே கற்றேன். தலைமையாசிரியனாய் இருந்தபோது, உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் வகுப்பில் உறங்கி விழுவான். ‘பாடத்தைக் கவனி’ என்று பலமுறை கடிந்தேன். விடியுமுன் பாத்தியில் உப்பு வாரிவிட்டே அவன் பள்ளிக்கு வருகிறான் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவன் வீட்டை நாடி நான் சென்றபொழுது, அவன் பள்ளியை விட்டு நின்றிருந்தான். கவனி என்னும் சொல்லுக்கு நோக்கு என்பதோடு பேணு என்பதும் பொருளன்றோ? முதற்பொருளை அவனுக்கு ஏவினேன். இரண்டாவது எனக்குரிய ஏவல் என்பதை மறந்தேன்.

அவனை எண்ணி நான் கவலைப்படாத நாளில்லை. ஆயினும் அக்கவலை அவனுக்கு ஒரு நாள் உறக்கத்தையேனும் தந்ததில்லை. ஆதலின் அன்பர்களே, ஒருவரைக் குறித்து நெஞ்சு வருந்தும்போது, கை என்ன செய்தது என்றும் கேட்டுக்கொள்வோமாக.