வெளிநாட்டில் நாம், ஊரில் வீடு: சொத்து வரி பற்றி அறிய வேண்டியவை

ஊத்தங்கரையிலும் பக்கத்தில் சிங்காரப்பேட்டை, மத்தூர் பகுதிகளிலும் பூட்டிய வீடுகள் பல உண்டு. பெயிண்ட் அடித்து, இரும்பு கேட் போட்டு, மாடியும் எடுத்திருப்பார்கள். கட்டியவர் ரியாத்திலோ துபாயிலோ குவைத்திலோ இருப்பார். ஜும்ஆ முடிந்து நாம் வெளியே வரும்போது, அந்த வீட்டுப் பெரியவர்கள் கையில் ஒரு தாளுடன் நிற்பார்கள். "ஹஜ்ரத், இதுல என்ன போட்டிருக்கு? பையனுக்கு போன்ல சொல்லணும்" என்பார்கள். பெரும்பாலும் அது சொத்து வரி பாக்கிக்கான கேட்பு அறிவிப்பாகவே இருக்கும்.

தொகை அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனால் உரிமையாளர் என்ற இடத்தில் பல ஆண்டுகளுக்கு முன் வஃபாத்தான தகப்பனாரின் பெயர் இருக்கும். அல்லது மனையை விற்றவரின் பெயரே இன்னும் இருக்கும். சில நேரம் ஊரில் இருக்கும் தம்பியின் பெயர் மட்டும் இருக்கும். நம்மைக் கவலைப்பட வைப்பது தொகையைவிட இந்தப் பெயர்தான். எனவே வரி கட்டும் முறையையும், அதன் பின்னால் இருக்கும் பொறுப்பையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

வரி யாருக்குச் செல்கிறது?

சொத்து வரி உள்ளாட்சி அமைப்புக்குச் செல்கிறது. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எல்லா வகை உள்ளாட்சிகளும் உள்ளன. ஓசூர் 2019 முதல் மாநகராட்சி. கிருஷ்ணகிரி நகராட்சி. ஊத்தங்கரை பேரூராட்சி. சுற்றியுள்ள கிராமங்கள் ஊராட்சிகள். முதல் மூன்றும் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இன் கீழும், 2023-இல் வந்த அதன் விதிகளின் கீழும் வருகின்றன. கிராமங்களில் நாம் 'வீட்டு வரி' என்று சொல்வது ஊராட்சிகள் சட்டம் 1994-இன் கீழ் வசூலிக்கப்படுகிறது. உங்கள் வீடு பேரூராட்சி எல்லைக்குள் இருக்கிறதா, ஊராட்சியில் இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விகிதமும் கட்டும் இடமும் அதைப் பொறுத்தே அமையும்.

எவ்வளவு, எப்போது?

நகர்ப்புறத்தில் கட்டடத்தின் பரப்பு, தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறது, என்ன பயன்பாடு (குடியிருப்பா, கடையா, தொழிற்கூடமா) என்பவற்றை வைத்து வரி கணக்கிடுகிறார்கள். நூலக வரி போன்ற சிலவும் இதனோடு சேர்ந்தே வரும். 2022 ஏப்ரலில் பொதுச் சீராய்வு நடந்தது. அதில் சென்னை தவிர்த்த நகர்ப்புற உள்ளாட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதமும், 601 முதல் 1200 வரை 50 சதவீதமும், 1201 முதல் 1800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் வரி உயர்ந்தது. அதற்கு முந்தைய ரசீதை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் வரும் என்று பணம் அனுப்புபவருக்குக் கணக்கு ஒத்துவராது.

ஆண்டுக்கு இரண்டு தவணைகள் உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழிக்கப்படும். அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி சேரும். வட்டி வாங்குவதை மட்டும் பாவம் என்று எண்ணி ஒதுங்கி, சோம்பலால் வட்டி கட்டும் நிலைக்கு நாமே போய் நிற்கலாமா?

நகர்ப்புற வரிகளுக்கும் கிராம ஊராட்சி வரிகளுக்கும் அரசின் இணையதளங்கள் உள்ளன. வரி விதிப்பு எண் கையில் இருந்தால் ஜித்தாவில் உட்கார்ந்தபடியே கட்டலாம், ரசீதையும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு பில் கலெக்டரையோ உறவினரையோ நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வரியா?

ஆம். இது கட்டடத்தின் மீதான வரி. நீங்கள் அதில் வசிக்கிறீர்களா என்பது கேள்வியல்ல. துபாயில் வாடகை மதிப்பில் 5 சதவீத வீட்டுக் கட்டணம் மின்சார, தண்ணீர் பில்லோடு குடியிருப்பவரிடமே வாங்கப்படுகிறது. அந்தப் பழக்கத்தில் "ஆளே இல்லாத வீட்டுக்கு எதற்கு வரி?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. மலேசியாவில் இருப்பவர்களுக்கு நம் முறை எளிதில் விளங்கும். அங்கும் நகராண்மைக் கழகங்கள் ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரியை வீட்டுக்காரரிடம் வாங்குகின்றன.

வேறு சில நாடுகளில் உரிமையாளர் குடியிராத வீட்டுக்குச் சுமை கூடுதல். சிங்கப்பூரில் அத்தகைய வீட்டுக்கு வரி விகிதம் அதிகம். பிரான்ஸ் 2023-இல் முதன்மைக் குடியிருப்புகளுக்கு வசிப்பு வரியை முற்றாக நீக்கியபோதும், இரண்டாம் வீடுகளுக்கு அதை வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் வெளிநாட்டில் இருப்பவர் என்பதற்காகத் தனி விகிதம் இல்லை. ஊரில் இருப்பவர் கட்டும் அதே வரிதான்.

நகர்ப்புறத்தில் கட்டடம் எழுப்பாத மனைக்கும் காலி மனை வரி உண்டு. கீழ்த்தளத்தைக் கடைக்கு விட்டிருந்தால் பயன்பாடு மாறியதை உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். குடியிருப்பு என்று சொல்லிக் கடை வாடகை வாங்குவது உண்மைக்கு மாறானது. பின்னாளில் அதுவே பாக்கியாகவும் திரும்பி வரும்.

ரசீதில் யார் பெயர்?

வரி ரசீது சொத்துரிமைக்கு ஆதாரம் ஆகாது. இதை நீதிமன்றங்கள் பலமுறை தெளிவுபடுத்தியுள்ளன. உரிமை பத்திரத்தின் மூலமோ வாரிசு முறையிலோ வருகிறது. தம்பி பத்து ஆண்டுகள் வரி கட்டினார் என்பதால் வீடு தம்பிக்கு ஆகிவிடாது. அண்ணன் ரியாத்திலிருந்து பணம் அனுப்பினார் என்பதால் முழுவதும் அண்ணனுக்கும் ஆகாது.

ஆனால் நடப்பது வேறு. தகப்பனார் வஃபாத்தாகிறார். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பங்கு பிரிக்காமல் விடுகிறார்கள். வசதிக்காக வரிப் புத்தகத்தில் ஒரு மகன் பெயர் ஏறுகிறது, மின் இணைப்பும் அவர் பெயருக்குப் போகிறது. கொஞ்ச காலத்தில் ஊரே அதை அவர் வீடு என்று சொல்லத் தொடங்குகிறது. கட்டிக்கொடுத்த தங்கை தாய்வீட்டுக்கு விருந்தாளியாக வந்து போகிறார். கேட்டால் உறவு கெட்டுவிடுமோ என்று அவர் வாய் திறப்பதில்லை. அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்கு இருப்பதுபோல் பெண்களுக்கும் பங்கு உண்டு; அது குறைவாக இருந்தாலும் நிறைவாக இருந்தாலும் விதிக்கப்பட்ட பங்கு என்பதை சூரா அன்னிஸாவின் 7-ஆம் வசனம் உறுதிப்படுத்துகிறது. 11, 12-ஆம் வசனங்கள் பங்குகளை விவரிக்கின்றன. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் மனைவி, இரு மகன்கள், ஒரு மகளை விட்டு இறக்கிறார். அவருடைய பெற்றோர் முன்பே மறைந்துவிட்டார்கள். வீட்டின் மதிப்பு 40 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 5 லட்சம். மீதி 35 லட்சத்தில் மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். இந்த 7 லட்சம் அண்ணன்மார் மனமிரங்கிக் கொடுக்கும் சீர் அல்ல, அவருடைய ஹக்கு. தங்கத்தையும் கல்யாணச் செலவையும் சொல்லி அதைக் கழிக்க முடியாது.

அதே வசனங்கள் வஸிய்யத்தையும் கடனையும் தீர்த்த பிறகே பங்கீடு என்கின்றன. மய்யித்தின் பெயரில் நிற்கும் வரி பாக்கியும் ஒரு கடன்தான். அதை முதலில் கட்டிவிட்டுப் பங்கு பிரியுங்கள். பிரிக்கும் வரை ஒருவர் வரி கட்டினால் ரசீதுகளைச் சேர்த்து வைத்து, செலவை எல்லா வாரிசுகளும் தத்தம் பங்கின்படி ஏற்றுக்கொள்வதே நியாயம்.

பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றும், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றும் அவசியம். வாரிசுச் சான்றில் சகோதரிகள் அனைவரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். விலைக்கு வாங்கிய வீடானால் கிரயப் பத்திரம் பதிவானதும் பட்டாவிலும் வரிப் புத்தகத்திலும் தனித்தனியே பெயரைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று மாறினால் மற்றதும் மாறியிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

வரி கட்ட 'பவர்' தேவையா?

தேவையில்லை. வரி விதிப்பு எண் தெரிந்த யாரும் கட்டலாம். "வரி கட்டணும், கரண்டு பில் பார்க்கணும்" என்ற காரணத்துக்காக விற்கும் அதிகாரமும் அடங்கிய பொது அதிகாரப் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவோர் உண்டு. வழக்கு நடத்தவோ பதிவு செய்யவோ அவசியமானால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் எழுதுங்கள். வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரணமாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அதன் பிறகு அதை வைத்து விற்பது வாரிசுகளின் பொருளில் கை வைப்பதாகும்.

வாடகை வந்தால் வருமான வரி

சொத்து வரி வேறு, வருமான வரி வேறு. வாடகையிலிருந்து அந்த ஆண்டு உண்மையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்காகக் கழிக்கலாம். ஆண்டு வாடகை 96,000 ரூபாய், கட்டிய சொத்து வரி 3,000 என்றால் மீதி 93,000. அதில் 30 சதவீதமான 27,900 போக, 65,100 மட்டுமே வருமானம். பாக்கி வைத்த ஆண்டில் இந்தக் கழிவு கிடைக்காது.

உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், குடியிருப்பவர் வாடகை கொடுக்கும்போதே வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் கடமை உண்டு. மொத்த வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். இதற்கு ஓர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடிக்கடி கேட்கப்படும் மார்க்கக் கேள்விகள்

சொத்து வரி கட்டினால் ஜகாத் கழியுமா? கழியாது. ஜகாத் ஓர் இபாதத். அது சேர வேண்டிய எட்டு வகையினரை சூரா அத்தவ்பாவின் 60-ஆம் வசனம் வரையறுத்துவிட்டது.

வீட்டுக்கு ஜகாத் உண்டா? வசிக்கும் வீட்டுக்கும், வாடகைக்கு விட்ட கட்டடத்துக்கும் இல்லை. வாடகைப் பணம் நிஸாபை அடைந்து ஓர் ஆண்டு சேமிப்பில் நின்றால் அதற்கு உண்டு. விற்று லாபம் பார்க்கும் நோக்கத்தில் வாங்கிப் போட்ட மனைக்கு ஆண்டுதோறும் சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதம் கடமை. ஓசூர் பக்கம் மனை வாங்கிப் போட்டவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வங்கிக் கணக்கில் விழுந்த வட்டியால் வீட்டு வரி கட்டலாமா? கூடாது என்பதே இந்திய ஹனஃபி உலமாக்கள் பலரின் கருத்து. தெருவிளக்கு, சாக்கடை, சாலை என இந்த வரிக்குப் பகரமாக நாம் பலன் பெறுகிறோம். வட்டிப் பணத்தால் நம் தேவையை நிறைவேற்றிக்கொள்வதாக அது ஆகிவிடும். அந்தப் பணத்தை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, வரியை ஹலாலான சம்பாத்தியத்திலிருந்து கட்டுங்கள்.

இந்த விடுமுறையில் செய்ய வேண்டியவை

1. வரி விதிப்பு எண், கடைசி ரசீது, பத்திர நகல், பட்டா ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். மனைவிக்கும் அதைக் காட்டுங்கள்.

2. மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

3. வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

4. ஏப்ரல், அக்டோபர் முதல் வாரங்களில் செல்போனில் நினைவூட்டல் வைத்துக் கட்டிவிடுங்கள்.

5. தகப்பனார் சொத்து பிரிக்கப்படாமல் இருந்தால், ஊருக்குப் போகும்போது சகோதரிகளை அழைத்து உட்காருங்கள். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

பாலைவன வெயிலில் உழைத்துக் கட்டிய வீடு அது. அதன் வரியைக் கட்டச் சில நிமிடங்கள் போதும். அதில் பிறர் ஹக்கு கலந்திருந்தால் மறுமையில் கணக்குச் சொல்ல நேரும். அல்லாஹ் நம் வீடுகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.