தண்டுவடக் காயமும் பாலியல் கல்வியும்

தண்டுவடம் காயமுற்ற வயது வந்தோர், மாறிவிட்ட தம் உடலின் பாலியல் இயக்கத்தை அறியப் பெறும் கல்வி இது. மறுவாழ்வு மருத்துவத்தின் ஒரு பகுதி. படுக்கைப்புண்ணையும் சிறுநீர் வடிகுழாயையும் பற்றி விரிவாகச் சொல்லித்தரும் இடங்களில்கூட இது விடுபட்டுப் போவது பெருங்குறை.

விறைப்புக்கு நரம்புவழிகள் இரண்டு. தொடுகையால் எழுவது தண்டுவடத்தின் கீழ்நுனிப் பகுதியைச் சார்ந்தது. எண்ணத்தால் எழுவது அதற்குச் சற்று மேலே உள்ள நரம்புகளைச் சார்ந்தது. ஆகவே காயத்தின் இடத்தைப் பொறுத்து ஒன்று போய் மற்றொன்று எஞ்சலாம். பெண்களுக்கு மாதவிடாய் சில மாதங்கள் நின்று, பெரும்பாலும் திரும்பிவிடும்; பிறகு கருத்தரிக்கவும் முடியும். கருத்தடை பற்றிய ஆலோசனை அவர்களுக்கும் தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆறாவது மார்பு நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றோருக்கு உறவின்போதும் பிரசவத்தின்போதும் இரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். கடும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை ஆகியவை அறிகுறிகள். உறவின்போதானால் உடனே நிறுத்தி நிமிர்ந்து உட்கார வேண்டும். குறையாவிட்டால் மருத்துவ உதவி அவசரம். துணைவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 10, இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு குறித்த தகவல் கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாக்குகிறது. சுதந்திரமான சம்மதமின்றி மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சையையும் தடுக்கிறது.