அமெரிக்க ஊரக மின் கூட்டுறவுகளின் சமூகப் பணி: பணம் யாருடையது, முடிவு யாருடையது?

அமெரிக்காவின் ஊரக மின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் கம்பம், கம்பி, துணைமின் நிலையம் பற்றிய செய்திகளோடு இன்னொரு பட்டியலும் பெரும்பாலும் இருக்கும். பள்ளி மாணவருக்கு உதவித்தொகை, தன்னார்வத் தீயணைப்புப் படைக்குக் கருவிகள், குளிர்காலக் கட்டணத்தைக் கட்ட முடியாத முதியவருக்கு நிதி, ஊர்க் கண்காட்சிக்கு நன்கொடை என்று அது நீளும். இதைக் கொடையுள்ளம் என்று மெச்சுவோர் உண்டு. நற்பெயர் வாங்கும் விளம்பரம் என்று தள்ளுவோரும் உண்டு. சங்கம் கொடுக்கிறது, ஊர் வாங்கிக்கொள்கிறது என்று எண்ணுவதில் இரு தரப்பாரும் ஒன்றுபடுகிறார்கள். பிழை அங்கேதான். கொடுக்கப்படும் டாலரில் பெரும்பகுதி, மின்கட்டணம் கட்டிய உறுப்பினர்களுடைய டாலர். ஆகவே அந்தப் பணி எவ்வளவு பெரியது என்பதைவிட, அதை யார் தீர்மானித்தார்கள் என்பதே அதன் மதிப்பை அளக்கும் கோல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இந்தச் சங்கங்கள் பிறந்த சூழலே இதற்கு முதற்சான்று. 1930களின் நடுவில் அமெரிக்க நகர வீடுகளில் பத்துக்கு ஒன்பதில் மின்விளக்கு எரிந்தது. பண்ணை வீடுகளில் பத்துக்கு ஒன்றில்தான். மைலுக்கு இரண்டு மூன்று வீடுகளே உள்ள வட்டாரத்தில் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் நிறுவனங்கள் ஒதுங்கின. 1935 மே 11 அன்று குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் ஊரக மின்மயமாக்க நிர்வாகத்தை ஓர் ஆணையின் மூலம் நிறுவினார். செனட்டர் நாரிஸும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ரேபர்னும் கொண்டுவந்த சட்டம் அடுத்த ஆண்டு அதற்கு நிலையான அடித்தளம் தந்தது. அரசு குறைந்த வட்டிக்குக் கடன் தர முன்வந்த பிறகும் தனியார் நிறுவனங்கள் பெரிதாக அசையவில்லை. கடன் கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் சங்கமாகத் திரண்ட உழவர்களே. 1934-லேயே மிசிசிப்பி மாநிலத்தின் கொரிந்த் நகரில், டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்திடம் மின்சாரம் வாங்கி விநியோகிக்க ஆல்கார்ன் வட்டச் சங்கம் உருவாகி வழிகாட்டியிருந்தது. சங்கம் அமையப்போகிறது என்று தெரிந்ததும் சில நிறுவனங்கள் வசதியான பண்ணைகளுக்கு மட்டும் அவசரமாகக் கம்பி இழுத்து, மிச்ச வட்டாரத்தைச் சங்கத்துக்குக் கட்டுப்படியாகாதபடி செய்யப் பார்த்த கதையும் உண்டு. அதையும் தாண்டி, 1950களின் நடுவில் பத்துக்கு ஒன்பது பண்ணைகளுக்கு மேல் மின்சாரம் வந்துவிட்டது. விளக்கு எரிந்ததுதான் முதல் சமூகப் பணி. அதற்கு முடிவெடுத்தவர்களும் பயன் பெற்றவர்களும் ஒரே ஆட்கள்.

பணத்தின் போக்கைக் கவனித்தால் இந்த உறவு இன்னும் தெளிவாகும். ஆண்டு முடிவில் செலவு போக மிஞ்சும் தொகையைச் சங்கம் லாபமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு உறுப்பினரும் எவ்வளவு மின்சாரம் வாங்கினாரோ அந்த விகிதத்தில் அவர் பெயரில் வரவு வைக்கிறது. உடனே கையில் தருவதுமில்லை. இருபது முப்பது ஆண்டுகள்கூட அதைக் கம்பமாகவும் மின்மாற்றியாகவும் உழைக்கவிட்டுப் பிறகே திருப்புகிறது. அதற்குள் உறுப்பினர் ஊரைவிட்டே போயிருக்கலாம். இறந்திருந்தால் வாரிசுக்குச் சேரும். ஆளைத் தேடியும் கிடைக்காதபோது அந்தப் பணம் என்னாகும் என்பது நம் வாதத்துக்கு முக்கியமானது. கேட்பாரற்ற பணம் பொதுவாக மாநில அரசின் கைக்குப் போகும். ஆனால் டெக்சஸ் சட்டம் அத்தொகையின் ஒரு பகுதியை ஊரக மாணவர் உதவித்தொகை, வட்டாரப் பொருளாதார வளர்ச்சி போன்றவற்றுக்குச் செலவிட மின் கூட்டுறவுகளை அனுமதிக்கிறது. என்றைக்கோ ஊரைவிட்டுப் போன ஒரு பண்ணையாளரின் பழைய மின்கட்டண மிச்சம், அவர் முகமே அறியாத ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணமாகிறது. மேடையில் காசோலையை நீட்டுபவர் சங்கத் தலைவர்தான், கொடுத்தவர் அவரல்லர்.

தென் கரோலினாவின் பால்மெட்டோ மின் கூட்டுறவு 1989-இல் தொடங்கிய சில்லறைத் திட்டமும் இதே இயல்புடையது. கட்டணம் 93 டாலர் 41 சென்ட் என்றால் 94 டாலராக வாங்கிக்கொண்டு, மிஞ்சிய 59 சென்டை ஓர் அறக்கட்டளையில் போடுவார்கள். ஓர் உறுப்பினருக்கு ஆண்டு முழுவதும் சேர்ந்து சராசரியாக ஆறு டாலர். மிகுந்தால் 11 டாலர் 88 சென்ட். நூற்றுக்கணக்கான சங்கங்கள் இதைப் பின்பற்றின. ஆனால் பல இடங்களில் ‘வேண்டாம்’ என்று சொன்னவர் மட்டுமே விலக்கப்படுகிறார். வாய் திறக்காதவரெல்லாம் கொடையாளர். தொகை அற்பம் என்பதால் எவரும் சண்டைக்குப் போவதில்லை. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் பழக்கத்துக்கு இந்தச் சில்லறை நல்ல பயிற்சி என்றே எனக்குத் தோன்றுகிறது.

கூட்டுறவு என்ற அமைப்பின் உண்மையான வலு நன்கொடையில் தெரிவதைவிடத் தொழிலில் தெரிகிறது. வட கரோலினாவின் வடகிழக்கில், கறுப்பின மக்கள் மிகுந்த ஏழை வட்டாரத்தில் இயங்கும் ரோனோக் மின் கூட்டுறவு, வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு அடைப்பது, பழைய சூடேற்றியை மாற்றுவது ஆகியவற்றுக்குத் தானே முன்பணம் போடுகிறது. அந்தச் செலவு மாதக் கட்டணத்தோடு சிறுகச் சிறுகத் திரும்பி வரும். மிச்சமாகுமென மதிப்பிட்ட தொகையைவிடத் தவணை குறைவு. கடன் ஆளின் பெயரில் இல்லாமல் மீட்டரின் பெயரில் இருப்பதால் வங்கியில் கடன் கிடைக்காதவரும் வாடகைக்கு இருப்பவரும் பயன்பெற முடிகிறது. விற்பனை குறைந்தால் பங்குதாரர் முகம் சுளிப்பார் என்ற கவலை இல்லாத அமைப்புக்கு இது எளிது. இணையத்தின் கதையும் இத்தகையதே. மிசிசிப்பியில் மின் கூட்டுறவுகள் இணையச் சேவை தருவதற்குச் சட்டத்தடை இருந்தது. 2019 சனவரியில் அது நீங்கியதும் 1934-இன் அதே ஆல்கார்ன் சங்கமும் வீடுகளுக்குக் கண்ணாடி இழை இழுத்தது. மைலுக்கு எட்டு நுகர்வோர் மட்டுமே என்பது கூட்டுறவுகளின் சராசரி. தனியார் மின் நிறுவனங்களுக்கு முப்பதுக்கும் மேல். மின்சாரம் வராமல் போன அதே காரணத்தால்தான் இணையமும் வராமல் இருந்தது.

இக்கட்டுரையின் வாதத்துக்கு எதிராக வரும் மிக வலுவான மறுப்பு, உறுப்பினர்களே இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் இந்த ஆட்சி ஏட்டளவில்தான் என்பது. மறுப்பு பொய்யன்று. உள்ளூர்த் தற்சார்பு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரும்பாலான மின் கூட்டுறவுகளின் இயக்குநர் தேர்தலில் வாக்களிப்போர் பத்து விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. தென் மாநிலங்களில் கறுப்பின உறுப்பினரின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் இயக்குநர் குழுக்களில் இல்லை என்ற குறையும் நெடுநாளாக உண்டு. டெக்சஸின் பெடர்னாலிஸ் சங்கம் இதன் உச்சம். இளம் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த லிண்டன் ஜான்சன் முன்னின்று உதவ, 1938-இல் தோன்றிய அச்சங்கம் நாட்டின் மிகப் பெரிய விநியோகக் கூட்டுறவாக வளர்ந்தது. வளர்ந்த பிறகு இயக்குநர் குழு தனக்கான வாரிசுகளைத் தானே பொறுக்கிக்கொள்ளும் அமைப்பாகிவிட்டது. சொகுசுப் பயணங்களும் தாராளமான சம்பளங்களும் பிறகு வெளிவந்தன. 2007-இல் உறுப்பினர் சிலர் வழக்குத் தொடுத்தனர்; சமரசத்தின் விளைவாக 2008-இல் திறந்த தேர்தல் வந்தது. மேலே சொன்ன கோலால் அளந்தால், அந்த மூடிய ஆண்டுகளில் அச்சங்கம் ஊருக்குச் செய்தவை அடுத்தவர் காசில் செய்த உபகாரம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வழக்குத் தொடுத்தவர்கள் உறுப்பினர்கள் என்ற தகுதியில்தான் தொடுத்தார்கள். உறங்கிக் கிடந்தாலும் உரிமை செத்துவிடவில்லை. தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அந்தத் தகுதி கிடையாது.

அரசின் மலிவுக் கடனில் வளர்ந்த அமைப்பு தன்னைச் சுயஉதவி என்று சொல்லிக்கொள்ளலாமா என்பது இன்னொரு கேள்வி. 1944 முதல் 1973 வரை வட்டி இரண்டே விழுக்காடு என்பது உண்மை. கடன் திரும்பி வந்தது என்பதும் உண்மை; மைலுக்கு 2,000 டாலர் வரை ஆகுமென்று சொல்லப்பட்ட கம்பித்தடத்தை ஆயிரத்துக்கும் கீழே கட்டிக் காட்டினார்கள் என்பதும் உண்மை. இம்மறுப்பு சங்கத்தின் பெருமையைக் குறைக்கலாம். பணம் யாருடையது என்ற கணக்கை மாற்றாது.

முடிவெடுக்கும் உரிமை உள்ளூரில் இருந்தால் மட்டும் போதாது, மேலேயும் கட்டு இருக்கக்கூடாது என்பதை நியூ மெக்சிகோவின் கிட் கார்சன் கூட்டுறவு காட்டியது. அது டிரை-ஸ்டேட் என்ற, மொத்தமாக மின்சாரம் வழங்கும் கூட்டுறவோடு 2040 வரை ஒப்பந்தத்தில் சிக்கியிருந்தது. சொந்தமாக ஐந்து விழுக்காட்டுக்கு மேல் உற்பத்தி செய்யக்கூடாது. வட்டாரத்தில் சூரிய மின்சாரம் வேண்டுமென்ற முடிவை நிறைவேற்ற 2016-இல் 37 மில்லியன் டாலர் வெளியேற்றத் தொகையை ஏற்றுக்கொண்டு வெளிவந்தது. 2022-இல் பகல்நேரத் தேவை முழுவதையும் சூரிய ஒளியால் நிறைவேற்றும் நிலையை எட்டியது. கூட்டுறவுகளே கூடி அமைத்த மேலமைப்புதான் அதைக் கட்டிப்போட்டிருந்தது என்பது இதிலுள்ள வேடிக்கை.

இந்த மாதிரி இந்தியாவுக்கும் வந்தது. 1969-இல் ஊரக மின்மயமாக்கக் கழகம் அமைந்த காலத்தில், அமெரிக்க உதவியோடு சிரிசில்லா, ஹுக்கேரி, கோடிநார், முளா-பிரவரா, லக்னோ ஆகிய ஐந்து இடங்களில் மின் கூட்டுறவுகள் சோதனையாகத் தொடங்கப்பட்டன. மகாராட்டிரத்தின் முளா-பிரவரா, மாநில மின் வாரியத்துக்குத் தரவேண்டிய நிலுவை மலையாகி 2011-இல் விநியோகத்தை இழந்தது. பம்புசெட் கட்டணத்தைச் சங்கம் நிர்ணயிக்க முடியாது; கொள்முதல் விலையையும் நிர்ணயிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே சங்கம் எதைத் தீர்மானித்திருக்க முடியும்? சிரிசில்லாவோ கட்சிகள் போட்டியிடும் அளவுக்குச் சூடான தேர்தலோடு இன்றும் இயங்குகிறது. தேர்தலில் கட்சி புகுந்ததைக் குறையாகச் சொல்வார்கள். பத்துக்கு ஒருவர்கூட வாக்களிக்க வராத பேரவையைவிட அது மேல் என்பது என் கருத்து.

ஆகவே மின் கூட்டுறவின் சமூகப் பணியை ஆராய்வோர் நன்கொடைத் தொகையோடு நின்றுவிடக் கூடாது. கடைசித் தேர்தலில் எத்தனை பேர் வாக்களித்தார்கள், ஓர் இடத்துக்கு எத்தனை பேர் போட்டியிட்டார்கள், உறுப்பினர் பெயரிலுள்ள வரவு எத்தனை ஆண்டுகளாகத் திருப்பப்படவில்லை என்ற மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். சங்கங்களும் இவற்றை உதவித்தொகைப் படங்கள் வரும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.