ஒட்டி நிற்பதும் நீட்டி நிற்பதும்

டிவியைச் சுவரில் மாட்டும் மவுண்ட் என்ற இரும்புக்குக் கடைக்காரர்கள் நாலைந்து பெயர் சொல்வார்கள்: ஸ்லிம், ஃபிக்ஸட், டில்ட், ஸ்விவல், ஃபுல் மோஷன். பிரித்துப் பார்த்தால் இரண்டு குடும்பம்தான். ஒன்று, டிவியைச் சுவரோடு சுவராக ஒட்டி வைப்பது. மற்றது, மடங்கும் கையின் முனையில் டிவியை ஏந்திக்கொண்டு, வேண்டும்போது அறைக்குள் இழுக்கவும் பக்கவாட்டில் திருப்பவும் இடம் கொடுப்பது. முன்னதை ஃபிக்ஸட் என்றும் பின்னதை மூவபிள் என்றும் வைத்துக்கொள்வோம். டில்ட் என்பது ஃபிக்ஸடுக்குத் தம்பி. சில பாகை முன்னால் குனியும், அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. ஃபிக்ஸட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், நல்ல மூவபிள் ஆயிரத்தைத் தாண்டும். வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த விலை வித்தியாசத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். உண்மையில் முடிவு செய்ய வேண்டியது வீட்டுச் சுவர்.

டிவியின் முதுகோடு சேரும் இடத்தில் இரண்டுக்கும் பேதமில்லை. நான்கு திருகுத் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை வெசா என்ற அமைப்பின் அளவுகோல் நிர்ணயிக்கிறது. மானிட்டர்களில் 75, 100 மி.மீ. சதுரம், டிவிகளில் 200க்கு 200, 400க்கு 400 என்று வளரும். சிறிய அளவுக்கு எம்4 திருகு, அடுத்ததற்கு எம்6, பெரிய பெட்டிகளுக்கு எம்8. வாங்கப் போகும் முன் டிவியின் முதுகில் டேப் வைத்து இந்தத் தூரத்தை அளந்துகொண்டு போனால் போதும். அங்குலத்தைச் சொல்லி மவுண்ட் கேட்பது தவறு, ஏனென்றால் ஒரே 43 அங்குலத்தில் இரண்டு நிறுவனங்களின் துளைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

வித்தியாசம் சுவர்ப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. இரண்டு அட்டைப்பெட்டிகளிலும் '40 கிலோ வரை தாங்கும்' என்று அச்சடித்திருக்கும். தாங்குவது இரும்பு, சுவரைப் பற்றி அந்தப் பெட்டி வாக்குறுதி எதுவும் தரவில்லை. 15 கிலோ எடையுள்ள 55 அங்குல டிவியை எடுத்துக்கொள்வோம். சுவர்த் தகட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் விளிம்புக்கும் 20 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஃபிக்ஸடில் டிவியின் கனமையம் சுவரிலிருந்து ஏறக்குறைய 6 செ.மீ. தள்ளியிருக்கும். அப்போது மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்க முயலும் விசை நாலரை கிலோதான். அதே டிவி மூவபிளில் 50 செ.மீ. வெளியே வந்து நின்றால் பிடுங்கும் விசை முப்பத்தேழரை கிலோ ஆகிவிடும். டிவி கனக்கவில்லை, தூரம்தான் கூடியது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடப்பவரிடம், அதையே கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தால் விளங்கிவிடும். போதாததற்கு, நீட்டிய டிவியின் மீது குழந்தை கை ஊன்றிப் பத்துக் கிலோ அழுத்தினால் இன்னொரு 25 கிலோ சேரும். பக்கவாட்டில் திருப்பும்போது பளு நான்கு போல்ட்டிலும் சமமாக விழாமல் ஓரத்து ஒன்றிரண்டின் மேல் போய்க் குவியும். இழுப்பதும் தள்ளுவதும் தினசரி நடந்தால் துளைக்குள் திருகைப் பிடித்திருக்கும் பிளக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது.

ஆகவே, எந்தச் சுவர் என்ற கேள்வி ஃபிக்ஸடுக்கு ஒரு மடங்கு முக்கியம் என்றால் மூவபிளுக்கு எட்டு மடங்கு முக்கியம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டையும் தாங்கும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் ஃபிக்ஸட் சரி. பெரிய டிவியை மூவபிளில் மாட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கான்கிரீட் தூணோ, ஷியர் வால் எனப்படும் கான்கிரீட் சுவரோ கிடைத்தால் பாக்கியம், துளை போடும்போது மட்டும் கம்பியில் இடிக்கலாம். சிக்கல் புதிய அடுக்குமாடிகளில்தான். அங்கே உள்சுவர்கள் பெரும்பாலும் ஏஏசி எனப்படும் எடை குறைந்த வெள்ளைக் கட்டிகள், அல்லது உள்ளே பொள்ளலான ஹாலோ பிளாக். செங்கல்லோடு ஒப்பிட்டால் ஏஏசி கட்டியின் அடர்த்தி பாதிகூட இல்லை. அதற்குள் விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் போல்ட்டை முறுக்கினால் பிடிப்பதற்குப் பதிலாகக் கட்டியை நொறுக்கிவிடும். ஹாலோ பிளாக்கில் அதே போல்ட் வெற்றிடத்துக்குள் போய் விரிந்து எதையும் பிடிக்காமல் சுழலும்.

எந்தச் சுவர் என்று வீட்டுக்காரருக்கே தெரியாதபோது, டிரில்லிலிருந்து விழும் தூளைப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் ஒன்றரை செ.மீ. வரை சிமெண்ட் பூச்சு, சாம்பல் நிறம். பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல், நிம்மதி. சிவப்பு வராமல் சாம்பலே தொடர்ந்து மொரமொரவென்று விழுந்தால் செங்கற்களுக்கு இடையிலுள்ள கலவைச் சந்தில் இறங்கியிருக்கிறது. இரண்டு அங்குலம் தள்ளிப் போட வேண்டும். (சாம்பல் செங்கல் எனப்படும் ஃப்ளை ஆஷ் கல்லும் இதே நிறம் காட்டும், ஆனால் அது டிரில்லை எளிதில் உள்ளே விடாது.) மாவு போன்ற வெளுத்த தூளோடு டிரில் தானாகவே உள்ளே போனால் ஏஏசி. சற்று எதிர்த்துவிட்டுத் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். கடைசி இரண்டிலும் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளைக்க வேண்டும், இல்லாவிட்டால் 10 மி.மீ. துளை 14 மி.மீ. பள்ளமாகும்.

யூடியூபில் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. அந்தக் காணொளிகளில் பல அமெரிக்க வீடுகளில் எடுத்தவை. அங்கே சுவர் என்பது மரச் சட்டங்களின் மேல் அறைந்த ஜிப்சம் பலகை. 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் சட்டத்தைக் கருவி வைத்துத் தேடி அதில் நேராகத் திருகை ஏற்றுவார்கள். நம் ஊரில் தேட வேண்டிய சட்டம் எதுவும் இல்லை, பிளக்குதான் எல்லாம். நம் தச்சர்கள் முன்பு மரக்கட்டையைச் செதுக்கி அறைந்தார்கள். மரம் காய்ந்து சுருங்கியதும் அது ஆடத் தொடங்கும். 1958இல் ஜெர்மானியரான ஆர்துர் ஃபிஷர் உருவாக்கிய நைலான் பிளக்கின் வழித்தோன்றல்கள்தான் இன்று நம் கடைகளில் குவிந்திருக்கின்றன. ஆனால் மவுண்டோடு இலவசமாக வரும் பிளக், செங்கல்லை மனத்தில் வைத்துச் செய்தது, அதுவும் பெரும்பாலும் இரண்டு அங்குல நீளம். அதில் பூச்சுக்குள் வீணாகும் ஒன்றரை செ.மீ. போக மீதிதான் பிடிக்கும். மூவபிளுக்கு மூன்று அங்குலமாவது வேண்டும். ஏஏசி சுவருக்கென்றே தனிப் பிளக் விற்கிறார்கள். ரசாயனப் பசை ஊற்றிப் போல்ட்டை நிறுத்தும் முறையும் உண்டு. டிவியோடு அனுப்பப்படும் பணியாளரின் பையில் இந்த இரண்டும் இருக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம், முதல் நாளே வாங்கி வைத்துவிடலாம்.

இனி பார்க்கும் பக்கம். மூவபிளின் பெருமை திரும்புவதில் இருக்கிறது. அது வெறும் சொகுசு அல்ல. விஏ வகைத் திரைகளை ஓரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு வெளிறிப் போகும்; ஐபிஎஸ் வகை பரவாயில்லை; ஓஎல்இடிக்கு இந்தக் குறை மிகக் குறைவு. ஹாலும் சாப்பாட்டு மேசையும் ஒரே நீள அறையில் இருக்கும் வீட்டில், விஏ திரையை மேசைப் பக்கம் திருப்பினால் படம் உயிர் பெறும். எதிர்ச் சன்னல் வெயில் விழுந்து திரை கண்ணாடியாகும் பிற்பகல்களிலும் இருபது பாகை திருப்பினால் போதும்.

ஆனால் '180 பாகை சுழலும்' என்ற விளம்பரத்தில் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. திரும்பும் டிவியின் ஓரம் சுவரில் இடிக்காமலிருக்க, அகலத்தில் பாதியளவாவது கை நீள வேண்டும். 55 அங்குல டிவியின் அகலம் 122 செ.மீ. கை 50 செ.மீ. நீண்டால் ஒரு பக்கம் 55 பாகைதான் திரும்பும். 90க்கு வாய்ப்பே இல்லை. 71 செ.மீ. அகலமுள்ள 32 அங்குலமோ அதே கையில் முழுதாகத் திரும்பி நிற்கும். படுக்கையறை, சமையலறை ஓரம், கடை மூலை போன்ற இடங்களில் சின்ன டிவிக்கு மூவபிள் அருமையான பொருள். டிவி பெரிதாக ஆக அதன் சுவர்ச் செலவு ஏறி, பயன் இறங்குகிறது. வாங்குபவர்களோ நேர்மாறாக, டிவி பெரிதென்பதால் மவுண்டும் பெரிதாக இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள்.

உயர விஷயத்தில் இரண்டுமே கை விரித்துவிடும். மூவபிள் என்றால் மேலும் கீழும் நகரும் என்று பலர் எண்ணுகிறார்கள். சாதாரண வகைகள் நகராது. சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி அளவில் இருக்கும், பாயில் உட்கார்ந்த பிள்ளைக்கு இன்னும் கீழே. நம் வீடுகளில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. மாட்ட வருபவர் சாமி படம் மாட்டும் உயரத்தில் பென்சில் குறி போடுவார். விட்டால் ஆறு மாதத்தில் கழுத்து வலி. திரையின் நடு மூன்றரை அடியிலிருந்து நான்கடிக்குள் நிற்கட்டும் என்று பிடிவாதமாகச் சொல்ல வேண்டும். அதற்குமேல் போயே தீர வேண்டியிருந்தால், முன் சொன்ன டில்ட் தம்பிக்கு அங்கேதான் வேலை.

ஃபிக்ஸடின் தொல்லைகள் வேறு ரகம். சுவருக்கும் டிவிக்கும் நடுவே இரண்டு, மூன்று செ.மீ.தான் இருக்கும். நம் மூன்று பின் மின் பிளக் அதைவிட அதிகம் துருத்தும். எலக்ட்ரீஷியன் அழகுக்காக டிவிக்கு நேர் பின்னால் பாயிண்ட் வைத்திருந்தால் பிளக் டிவியை முட்டித் தள்ளும். பாயிண்ட்டை டிவியின் கீழ் விளிம்புக்குக் கீழே நகர்த்துவது ஒன்றே நிரந்தர வழி. எச்டிஎம்ஐ துளைகள் பக்கவாட்டில் இருந்தால் பிழைத்தோம். முதுகில் நேராக இருந்தால், செட்டாப் பாக்ஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் இருவர் சேர்ந்து டிவியைக் கழற்றி இறக்க வேண்டும். இதைத் தவிர்க்க, மாட்டும் முன்பே ஒரு கூடுதல் கேபிளைச் செருகி முனையை வெளியே தொங்கவிடுவது நல்லது. அந்த இடுக்கில் பல்லி குடும்பம் நடத்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூவபிளில் இழுத்துத் துடைத்துவிடலாம், ஃபிக்ஸடில் பல்லியோடு சமாதானம்தான்.

மாட்டும் வேலையில் இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கைகள் சில. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் துளைக்கக் கூடாது, உள்ளே வயர் குழாய் செங்குத்தாக ஓடும். பிளைவுட் டிவி யூனிட்டின் பலகையில் மட்டும் திருகி நிறுத்தவும் கூடாது. போல்ட் பலகையைத் தாண்டிச் சுவருக்குள் இறங்க வேண்டும். ஃபிக்ஸடில் ரசமட்டம் பார்க்காமல் போட்டால் கோணல் அப்படியே நிலைத்துவிடும், பல மூவபிள்களில் பிறகு சில பாகை சரிசெய்துகொள்ளலாம். மூவபிள் மாட்டியபின், கையை முழுக்க இழுத்துத் தகட்டின் மேல் விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். புகுந்தால், டிவியை ஏற்றும் முன்பே போல்ட் தோற்றுவிட்டது.

செங்கல் சுவர், நடுத்தர டிவி, பார்ப்பவர்கள் எதிரே உட்காரும் ஹால் என்றால் ஃபிக்ஸட், யோசிக்கவே வேண்டாம். சின்ன டிவி, பக்கவாட்டுப் பார்வை, பழைய கனத்த சுவர் என்றால் மூவபிள். புது அடுக்குமாடியின் ஏஏசி சுவரில் 65 அங்குலத்தை மூவபிளில் மாட்டித் தரச் சொல்லி யாராவது கேட்டால், பெட்டியோடு வந்த கால்களைப் பொருத்தி மேசை மேல் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.