மாக்கோலமும் வார்லியும்

சென்ற வருடம் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். செம்மண் நிறத் தாளில் வெள்ளை வெளேரென்று முக்கோண மனிதர்கள் கைகோத்து ஆடுகிறார்கள். "வார்லி ஆர்ட், பாட்டி" என்று காட்டினாள். என் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "நம்ம மாக்கோலத்துக்குக் கை கால் முளைச்ச மாதிரி இருக்குடி" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் படித்துப் பார்த்தபோது அதில் பெரிய உண்மை இருப்பது தெரிந்தது.

வார்லிகள் மகாராஷ்டிரத்தின் தானே, பால்கர் பக்கத்துப் பழங்குடிகள். கல்யாண வீட்டில் செம்மண் பூசிய சுவரில், அரிசி மாவைக் கரைத்து, மூங்கில் குச்சியால் சுமங்கலிப் பெண்கள் வரைவார்கள். அதே அரிசி, அதே செம்மண்! 1970-களில் ஜிவ்யா சோமா மாஷே என்பவர் அதைத் தாளிலும் துணியிலும் வரைந்து புகழ்பெற்றார். 2011-ல் பத்மஸ்ரீ பெற்று, 2018-ல் மறைந்தார். பீகாரின் மதுபனி ஓவியத்தைச் சுவரிலிருந்து தாளுக்கு இறக்கியதோ 1966-67 வறட்சி. பெண்களுக்கு ஏதாவது வருமானம் வேண்டுமே என்று அகில இந்திய கைவினை வாரியம் தாள் கொடுத்து வரையச் சொன்னது. தாளுக்கு வந்ததால்தான் இவை பள்ளிக்கூடத்துக்கும் வந்தன. சுவரைப் பெயர்த்து வகுப்புக்குக் கொண்டுபோக முடியுமா என்ன?

நம் பக்கத்தில் கலை கற்பிக்க இடங்களுக்குக் குறைவில்லை. 1850-ல் டாக்டர் ஹண்டர் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கினார். 1957-ல் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் வந்தது. அது இன்று அரசுக் கல்லூரி. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் அமைத்தார். 1996-ல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறந்தது. அங்கே வீடுகளையே பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள்! ஆனால் நம் டிராயிங் கிளாஸில் என்ன வரைந்தோம்? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம். வாசலில் அம்மா தினமும் போட்டதை எந்த டிராயிங் மாஸ்டரும் கேட்டதில்லை. விற்க முடியாதது, மறுநாள் அழிந்துவிடுவது. அதனால் கணக்கில் வரவில்லை போலும்.

கணக்கில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற என்ஜினீயர்களுக்கு இது பிடிக்கும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத் தாம்பரத்தில், சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, தம் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974-லேயே கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனார். சிறு வடிவம் ஒன்றிலிருந்து விதிப்படி பெரிய கோலம் வளர்வதை இலக்கணமாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். டிராயிங் வகுப்புக்கு வருமுன் கோலம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது!

போன பொங்கலுக்கு அம்மா பச்சரிசி ஊறவைத்து அரைத்தாள். மாவில் நனைத்த துணியைப் பேத்தியின் உள்ளங்கையில் வைத்து, மோதிர விரல் வழியாக இழை இழுக்கச் சொன்னாள். எங்கள் பிளாட் வாசல் மூன்றடிதான். குழந்தை போட்ட இழை பைப்லைன் மாதிரி தடியாக வந்தது. "விரலைத் தளர்த்துடி" என்று அம்மா மறுபடி துணியை நனைத்தாள்.