ஓஎம்ஆரில் பிறந்த மருந்து

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகக் கிழக்கே போனால் சோழிங்கநல்லூர். ஐ.டி. அலுவலகங்களால் பேர்பெற்ற அந்தப் பழைய மாமல்லபுரம் சாலையில்தான் ஆர்க்கிட் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறு அந்த நிறுவனத்து வேதியியலாளர்களின் கைவேலை. பெயர் வாயில் நுழையாது. ஆனாலும் தென்சென்னைக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய பெயர்.

அது எதற்காகப் பிறந்தது என்பதை ஐ.சி.யூ.வில் சொந்தக்காரரைப் படுக்கவைத்துவிட்டு வெளியே காத்திருந்தவர்களுக்கு எளிதில் புரியவைக்கலாம். நோயாளியின் தொண்டையில் வென்டிலேட்டர் குழாய், கழுத்து ரத்தநாளத்தில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். உயிரைக் காப்பாற்றும் அதே குழாய்கள்தான் கிளெப்சியெல்லா, ஈ.கோலி போன்ற கிருமிகளுக்கும் வழி. விபத்துக்கோ பக்கவாதத்துக்கோ சேர்த்தவர், அதிலிருந்து தேறிவரும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் தொற்றிய கிருமியால் சரிந்துவிடுகிறார். பென்சிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் நடுவில் நான்கு அணுக்களாலான ஒரு வளையம் உண்டு. இந்தக் கிருமிகள் சுரக்கும் ஈஎஸ்பிஎல் நொதிகள் அவற்றில் பல மருந்துகளின் வளையத்தை வெட்டிவிடும்.

அந்த நொதிகளைத் தடுக்க வந்தது டாசோபாக்டம். தூண்டிலில் மீன் சிக்குவதுபோல நொதி இதைக் கடித்துச் சிக்கிக்கொள்ளும், கூட வந்த மருந்து தப்பித்துப் போய்க் கிருமியைத் தாக்கும். டாக்டர்கள் ‘பிப்டாஸ்’ என்று சொல்வது இந்த ஜோடியைத்தான். ஆனால் அதன் பலத்துக்கு எல்லை உண்டு. 2018இல் வெளியான மெரினோ ஆய்வு, செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத கிருமி ரத்தத்தில் கலந்த நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள், மெரோபெனம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைப் பெற்றவர்களில் 3.7 சதவீதம், பிப்டாஸ் பெற்றவர்களில் 12.3 சதவீதம். இதற்குப் பிறகு எந்த டாக்டர்தான் மெரோபெனத்தை விட்டுக்கொடுப்பார்?

மெரோபெனம் அதிகம் புழங்கப் புழங்க, அதையும் வெட்டும் கிருமிகள் தழைத்தன. அந்தச் செய்தியை உலகுக்குச் சொன்னதில் இதே சாலைக்குப் பங்கு உண்டு. சோழிங்கநல்லூரிலிருந்து வடக்கே வந்தால் தரமணி, அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம். அங்கிருந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக, பிரிட்டனின் டிமோதி வால்ஷ் முதலானோருடன் சேர்ந்து 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் எழுதிய கட்டுரையில், அப்படி வெட்டும் நொதிக்கான என்டிஎம்-1 மரபணு கொண்ட கிருமிகள் சென்னை மாதிரிகளில் மட்டும் 44 இருந்தன. கட்டுரையைவிட, என்டிஎம் என்ற பெயரில் இருந்த ‘நியூ டெல்லி’தான் அரசைச் சுட்டது. நோயைவிட மானம் பெரிதாகிப்போன அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 2012இல் இதே நகரில் டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று உருவாக்கிய ‘சென்னை பிரகடனம்’, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த நடைமுறைக்கு ஒத்துவரும் வழியைக் கேட்டது.

சோழிங்கநல்லூர் மூலக்கூறுக்கு வருவோம். அது டாசோபாக்டத்தின் மேல் ஒரே ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்துச் செய்தது. அந்தச் சின்னச் சேர்க்கையால் மூலக்கூறுக்கு ஒரு நேர்மின்னூட்டம் கிடைக்கிறது. ஏற்கெனவே இருந்த எதிர்மின்னூட்டத்தோடு அது சமமாகிவிட, கிருமியின் வெளிச்சவ்வைக் கடந்து உள்ளே போவது எளிதாகிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பெரிய புரட்சி எதுவும் இல்லை, ஓர் அணுக்கூட்டம் கூடுதல், அவ்வளவே.

கண்டுபிடித்த நிறுவனத்துக்கு அதைக் கரைசேர்க்கப் பணமில்லை. 2013இல் ஜெர்மனி–பிரான்ஸ் எல்லையில் இயங்கிய அலெக்ரா என்ற சிறு நிறுவனம் உரிமம் பெற்றுக்கொண்டது. மூலக்கூறு வெளிநாட்டு மருத்துவமனைகளில் சோதனைக்குப் போயிருந்தபோது, இங்கே தாய் நிறுவனம் கடனில் மூழ்கி 2017இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. 2020இல் தனுகா லேபரட்டரீஸ் அதை எடுத்துக்கொண்டது.

என்மெட்டாசோபாக்டத்தைச் செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்த அல்லியம் சோதனையில் சிக்கலான சிறுநீர்த் தொற்று உள்ள 1,041 பேர் பங்கேற்றார்கள். முடிவு 2022இல் ஜாமா இதழில் வந்தது: புது ஜோடிக்கு 79.1 சதவீத வெற்றி, பிப்டாஸுக்கு 58.9. 2024 பிப்ரவரி 22 அன்று அமெரிக்க எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே ஐரோப்பா, வென்டிலேட்டரால் வரும் நிமோனியாவையும் சேர்த்து அனுமதித்தது. அதே ஆண்டில் மருந்து இந்தியச் சந்தைக்கும் திரும்பி வந்தது. ஆர்க்கிட் தயாரிக்க, சிப்லா விநியோகித்தது. சோழிங்கநல்லூரிலிருந்து தாம்பரம் போய்ச்சேர, ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றிக்கொண்டு பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கிறது.

திரும்பி வந்த இடத்தில் தரமணியின் பழைய எதிரி காத்திருக்கிறது. ஈஎஸ்பிஎல் நொதிகளை மடக்கும் என்மெட்டாசோபாக்டம், துத்தநாகத்தின் துணையோடு வேலை செய்யும் என்டிஎம்மிடம் செல்லாது. அப்படிப்பட்ட கிருமி என்றால் செஃப்டாசிடிம்–அவிபாக்டத்தோடு அஸ்ட்ரியோனாமைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். கைகூடாவிட்டால் கடைசியில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கொலிஸ்டின். படுக்கையில் இருப்பவருக்கு எந்தக் கிருமி, அதனிடம் எந்த நொதி என்று கல்ச்சர் ரிப்போர்ட் சொல்லாமல் இந்த மருந்தைக் குறிப்பது குருட்டாம்போக்கு. மெத்தில் சேர்த்துச் சம்பாதித்த அனுகூலத்தை மெரோபெனத்தைத் தீர்த்த அதே வேகத்தில் நாம் தீர்த்துவிடலாம். அதனால்தான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இது எந்த அலமாரியில் வைக்கப்படுகிறது, யார் கையெழுத்துப் போட்டால் வெளியே வருகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.